"எந்த வேலையானாலும் பரவாயில்லை" என்று எழுதினேன், மூன்றாம் நாளே வேலை வந்தது. நம்பலாமா?

கொழுந்துக்கூடை · மஸ்கெலியா · ஞாயிறு இரவு 8.50

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 22. ஏ.எல். கலைப்பிரிவில் பாஸ், கெம்பஸுக்கு வெட்டுப்புள்ளி போதவில்லை. அப்பா இல்லை. அம்மா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார், தம்பி ஓ.எல். எழுதப் போகிறான்.

போன மாதம் பேஸ்புக்கில் ஒரு வேலைவாய்ப்புக் குழுவில் "எந்த வேலையானாலும் பரவாயில்லை, எந்த ஊரானாலும் போவேன்" என்று போன் நம்பரோடு எழுதிப் போட்டேன். மூன்றாம் நாள் வட்ஸ்அப்பில் ஒருவர் பேசினார். நல்ல தமிழ், வாய் நிறையத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறார். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 1,200 டொலர், சாப்பாடும் தங்குமிடமும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். டைப் பண்ணத் தெரிந்தால் போதுமாம். இன்டர்வியூ வட்ஸ்அப்பிலேயே பத்து நிமிடத்தில் முடிந்தது. மறுநாள் நியமனக் கடிதம். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் 'பைல் சார்ஜ்' 45,000 ரூபா கட்டவேண்டும்.

அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஓ.எல். சான்றிதழையும் போட்டோ எடுத்து ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். அம்மா தோட்டை அடகு வைக்கலாம் என்கிறார். இல்லாவிட்டால் ஹட்டன் டவுனில் ஒரு துணிக்கடையில் கேஷியர் வேலை இருக்கிறது, சம்பளம் குறைவு. எதற்குப் போவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தொங்கல்வீடு · ஞாயிறு இரவு 9.05

தங்கச்சி, காசு கட்டாதே. தோட்டை அடகு வைக்க விடாதே. எனக்கு இப்போது ஷிப்ட், விவரமாக நாளைக்கு எழுதுகிறேன். அதுவரை அந்த ஆளுக்கு ஒரு பேப்பர்கூட அனுப்பாதே.

---

ஊவா அக்கா · பண்டாரவளை · ஞாயிறு இரவு 10.20

நான் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் ஆள் சேர்க்கும் பிரிவில் 9 வருடமாக இருக்கிறேன். எந்தக் கம்பனியும் வேலைக்கு வருகிற ஆளிடம் காசு வாங்கித்தான் ஆள் எடுக்கவேண்டும் என்றில்லை. ஆள் வேண்டும் என்றால் கம்பனிதான் செலவு செய்யும். வேலை கிடைக்க முன்னாலேயே காசு, அதுவும் இந்தக் கிழமைக்குள் என்றால் அங்கேயே நிறுத்திவிடு.

இனி விசிட் விசா. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர் புறப்பட முன்னால் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்திருக்க வேண்டும். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த பணியகம் அது. ஆள் அனுப்புகிற முகவருக்கு அவர்கள் கொடுத்த உரிமம் இருக்கவேண்டும். உரிமம் உள்ளவர்களின் பட்டியல் பணியகத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. 1989 என்ற நம்பருக்கு எடுத்தும் கேட்கலாம். முகவர் பெயர் பட்டியலில் இருக்கிறது என்றவுடன் நம்பிவிடாதே. நல்ல முகவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு யாராவது பேசலாம். பட்டியலில் உள்ள நம்பருக்கு நீயே எடு. "இந்த நாட்டுக்கு இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறீர்களா, இந்தப் பெயரில் உங்களிடம் ஆள் இருக்கிறாரா" என்று கேள். சுற்றுலா விசாவில் போகிறவளுக்கு இந்தப் பதிவு எதுவும் கிடையாது. அங்கே போய் ஏதாவது ஆனால், நீ வேலைக்குப் போனவள் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

தாய்லாந்து, கணினி வேலை, டைப் தெரிந்தால் போதும் என்று படித்ததும் எனக்கு நெஞ்சு பகீர் என்றது. இப்படிச் சொல்லிக் கூட்டிப்போன நம் நாட்டுப் பிள்ளைகளை எல்லை ஆற்றைத் தாண்டி மியன்மாரில் மியாவாடி பக்கம் கொண்டுபோய் அடைத்தார்கள். அங்கே கொடுத்த வேலை, வெளிநாட்டு ஆட்களோடு இணையத்தில் அன்பாகப் பேசி அவர்கள் காசைப் பிடுங்குவது. மாட்டேன் என்றால் அடி, கரண்ட் ஷாக். 2024இல் கொஞ்சம் கொஞ்சமாகப் பலரை மீட்டு வந்தார்கள். கொழும்பு விமான நிலையத்தில் வந்து இறங்கிய பிள்ளைகளின் முகத்தைச் செய்தியில் பார்த்தேன், இன்னும் மறக்கவில்லை. உனக்கு வந்ததும் அதேதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வார்த்தைக்கு வார்த்தை அப்படியே இருக்கிறது.

---

தொங்கல்வீடு · திங்கள் காலை 7.15

நைட் ஷிப்ட் முடிந்து வந்து எழுதுகிறேன். நான் ஏமாந்த கதை 2022இல். அப்போது பெட்ரோல் வரிசை, கேஸ் வரிசை, நான் வேலை செய்த கடையையும் மூடிவிட்டார்கள். எப்படியாவது வெளியே போய்விடவேண்டும் என்று எல்லாரும் துடித்த நேரம். டுபாயில் ஹோட்டல் வேலை என்று ஒருவர் வந்தார். 60,000 கொடுத்தேன். அதில் 40,000 சீட்டுக் காசு.

அந்த நியமனக் கடிதம் இன்னும் போனில் இருக்கிறது. அழிக்கவில்லை. நேற்று ராத்திரியும் எடுத்துப் பார்த்தேன். மேலே பெரிய ஹோட்டலின் சின்னம், ஆனால் வேறெங்கோ இருந்து வெட்டி ஒட்டியது மாதிரி ஓரம் மங்கல். என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. சம்பளம் இலக்கத்தில் ஒன்று, எழுத்தில் வேறொன்று. சீல் கையெழுத்துக்கு மேலே விழாமல் அடியில் கிடக்கிறது. அனுப்பிய மின்னஞ்சல் முகவரி ஹோட்டல் பெயரில் இல்லை, யாரும் சும்மா திறந்துகொள்ளும் ஜிமெயில். இவ்வளவும் அப்போதும் என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. நான் பார்த்தது சம்பளத்தை மட்டும்தான்.

உங்கள் கடிதத்தையும் அப்படி ஒரு தடவை பாருங்கள் தங்கச்சி. கம்பனியின் சொந்த இணையத்தளத்தைத் தனியாகத் தேடித் திறங்கள். அவர் அனுப்பிய லிங்க் வழியாகப் போகாதீர்கள். அதில் இருக்கிற நம்பருக்கு எடுத்து இப்படி ஒரு வேலை இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். தோட்டத் தொழிலாளிக்கு 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாள் சம்பளத்தை வைத்துப் பார்த்தால்கூட 45,000 என்பது அம்மாவுக்கு 33 நாள் கூலி. ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) பிடித்தது போகப் பார்த்தால் நாள் இன்னும் கூட வரும். மழையிலும் அட்டைக்கடியிலும் நின்ற 33 நாள். அந்தச் சீட்டுக் காசை அடைக்க எனக்குப் பதினொரு மாதம் ஆனது.

---

கடல்தாண்டியவள் · பொகவந்தலாவை · திங்கள் பகல் 1.30

எல்லாரும் பயமுறுத்தியே அந்தப் பிள்ளையை வீட்டில் உட்கார வைத்துவிடாதீர்கள். நான் குவைத்தில் 6 வருடம் இருந்தேன். லயத்தை, அதுதான் தோட்டத்து வரிசை வீட்டை, விட்டு வெளியே வந்து இரண்டு அறை வீடு கட்டினேன், மகளைப் படிக்க வைத்தேன். வெளிநாடு என்றாலே ஏமாற்று என்று சொன்னால் மனம் வலிக்கிறது. எங்கள் லயத்தில் விசிட் விசாவில் டுபாய்க்குப் போய் வேலை மாற்றிக்கொண்டு நன்றாக இருக்கும் பையனும் இருக்கிறான்.

ஆனால் ஒன்று. நான் போனபோது பணியகத்தில் பதிந்து, பயிற்சி முடித்து, ஒப்பந்தத்தைக் கையில் வாங்கிக்கொண்டு போனேன். மூன்றாம் மாதம் சம்பளம் தரவில்லை. தூதரகத்துக்குப் போய் அந்தத் தாளைக் காட்டித்தான் வாங்கினேன். தாள் இல்லாமல் பக்கத்து வீட்டில் வேலை செய்தவள் ஒன்றும் செய்ய முடியாமல் அழுதாள். ஆகவே போகவேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பதியாமல் போகாதே என்பேன்.

---

ஊவா அக்கா · திங்கள் மாலை 5.40

கடல்தாண்டியவள் அக்கா சொன்னது முழுக்கச் சரி. நான் வெளிநாட்டுக்கு எதிரி இல்லை. விசிட் விசாவில் போய்ப் பிழைத்தவன் ஊருக்கு வந்து கதை சொல்வான் அக்கா. அப்படிப் போய் மாட்டிக்கொண்டவன் வெட்கத்தில் வாயே திறக்க மாட்டான். அதனால் நம் காதில் விழுவதெல்லாம் பிழைத்தவன் கதைதான்.

கொரியாவுக்குப் போக நினைக்கும் தம்பிமாருக்கும் இதோடு சொல்லிவிடுகிறேன். மொழிப் பரீட்சை எழுதிப் போகிற அந்த வேலைக்கு இரண்டு நாட்டு அரசாங்கங்களுக்கும் இடையில்தான் ஒப்பந்தம். மொழிப் பரீட்சை, பதிவு எல்லாம் பணியகம் வழியாக. "கொரியா விசா எடுத்துத் தருகிறேன்" என்று நடுவில் ஒருவர் வந்தால் அவருக்கு அங்கே வேலையே இல்லை.

---

கொழுந்துக்கூடை · செவ்வாய் இரவு 9.10

எல்லாருக்கும் நன்றி. எங்கள் லயத்துக்குள் சிக்னல் வராது, தண்ணீர் டாங்கிப் பக்கம் மேட்டில் நின்றுதான் எழுதுகிறேன். பணியகத்தின் பட்டியலில் தேடினேன். அவர் சொன்ன பெயர் இல்லை. உரிம நம்பரைக் கேட்டேன். அதுவரை தங்கச்சி என்றவர், "உங்களுக்கு நம்பிக்கை இல்லையென்றால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கிறேன், நிறையப் பேர் காத்திருக்கிறார்கள்" என்று எழுதினார். ஒரு மணித்தியாலம் கழித்து, "சரி, பாதிக் காசு கட்டுங்கள்" என்றார். அத்தோடு எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாவின் தோடு காதிலேயே இருக்கிறது.

ஆனால் அடையாள அட்டையை அனுப்பிவிட்டேனே, அதுதான் பயம். அப்புறம் வேலைப் பிரச்சினையும் அப்படியே இருக்கிறது. உனக்கு என்ன பிடிக்கும் என்று யாராவது கேட்டால் பதில் தெரியவில்லை. எங்கள் லயத்தில் சிங்களத்தில் கடிதம் வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். படிவம் நிரப்புவது, பிறப்புச் சான்றிதழ் எடுக்கப் பிரதேச செயலகத்துக்குக் கூடப் போவது, ஆஸ்பத்திரியில் டொக்டர் சொல்வதைப் பாட்டிமாருக்குச் சொல்வது. அதெல்லாம் நாள் முழுக்கச் செய்தாலும் எனக்கு அலுக்காது. அதை யார் வேலை என்று சொல்வார்கள்?

---

பழைய வாத்தியார் · கொட்டகலை · புதன் காலை 6.30

மகளே, முதலில் அடையாள அட்டை. அந்தப் பேச்சு முழுவதையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வை. நம்பர், வங்கிக் கணக்கு விவரம், நியமனக் கடிதம், ஒன்றையும் அழிக்காதே. அந்த ஆளை பிளாக் பண்ணுவது அதற்கு அப்புறம். பொலிஸில் ஒரு முறைப்பாடு எழுது. உன் பெயரில் நாளைக்கு யாராவது ஏதாவது செய்தால் அந்த முறைப்பாடுதான் உனக்குச் சாட்சி. இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் 101 நம்பருக்கும் சொல்லலாம். பணியகத்துக்கும் சொல், உரிமம் இல்லாமல் ஆள் சேர்ப்பதை விசாரிப்பது அவர்கள் வேலை. வங்கியிலும், சிம் எடுத்த கம்பனியின் கிளையிலும் போய், உன் பெயரில் நீ எடுக்காத கணக்கோ நம்பரோ இருக்கிறதா என்று கேள்.

அடையாள அட்டை வெறும் ஒரு நம்பர்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். புதிய 12 இலக்க எண்ணில் முதல் 4 இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த 3 இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். அதாவது அந்த எண்ணை வைத்தே ஒரு பிள்ளையின் பிறந்த நாளையும் ஆணா பெண்ணா என்பதையும் சொல்லிவிடலாம். பெயரும் முகவரியும் போட்டோவும் அட்டையிலேயே இருக்கின்றன. இனி யாருக்காவது பிரதி கொடுக்க வேண்டி வந்தால், "இன்ன கம்பனியின் இன்ன வேலைக்கு மட்டும்" என்று தேதியோடு எழுத்துக்குக் குறுக்கே பேனையால் எழுதி, அதைப் போட்டோ எடுத்து அனுப்பு. விண்ணப்பிக்கும்போது பெயர், போன், மின்னஞ்சல், படிப்பு, ஊர் போதும். அட்டைப் பிரதியும் வங்கிக் கணக்கும் வேலை உறுதியான பிறகு கேட்பவை.

எனக்கு மனக்கஷ்டம் தருகிற இன்னொன்று கம்யூனிகேஷன் கடை. போன வருடம் டவுனில் ஒரு கடையில் பிரிண்ட் எடுக்கப் போனேன். கம்ப்யூட்டர் திரையில் வரிசையாக அடையாள அட்டைகள். எங்கள் பிள்ளைகளுடையது. ஸ்கேன் எடுத்தது அப்படியே கிடக்கிறது. இரண்டு முகம் எனக்குத் தெரிந்த முகம், நான் படிப்பித்த பிள்ளைகள். கடைக்காரத் தம்பி கெட்டவன் இல்லை, அழிக்கவேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. மின்னஞ்சலும் அவனே திறந்து கொடுக்கிறான், பாஸ்வேர்டும் அவனே போடுகிறான், பிள்ளைக்கு அது ஞாபகமும் இல்லை. அப்புறம் இன்டர்வியூக்குக் கூப்பிட்ட மடல் வந்து கிடந்து காலாவதி ஆகிறது. மின்னஞ்சலை உன் போனிலேயே திற, பாஸ்வேர்டை நீயே வை. கடையில் ஸ்கேன் எடுத்தால் அழிக்கச் சொல்லிவிட்டு, அழித்ததைப் பார்த்துவிட்டு வெளியே வா.

தோட்டத்துக்குக் கடிதம் வரும் லட்சணம் எல்லாருக்கும் தெரியும். லயத்துக்கே ஒரு விலாசம், கந்தோரில் போய்க் கிடக்கும். நேர்முகப் பரீட்சை முடிந்து நாலாம் நாள் கடிதம் வாங்கிய மாணவன் எனக்கு இருந்தான். ஆகவே இணையத்தில் வேலை தேடாதே என்று நான் சொல்லவே மாட்டேன். நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய வழி. அரசாங்க வேலை வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை தோறும் வர்த்தமானி வருகிறது, மூன்று மொழியிலும் இணையத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். அதைப் பார்த்துச் சொல்வதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கடைசியாக நீ கேட்டது. அது வேலைதான் மகளே. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. ஆனால் இன்றைக்கும் நம் ஆட்களுக்குக் கடிதம் சிங்களத்தில்தான் வருகிறது. அதனால்தானே உன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள்? மொழிபெயர்ப்பாளர் என்று அரசாங்கத்தில் ஒரு சேவையே இருக்கிறது. நீதி அமைச்சின் பரீட்சையில் தேறினால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகலாம். சட்டத்தரணி அலுவலகம், ஆஸ்பத்திரி, வங்கி, இன்சூரன்ஸ் எங்கேயும் இரண்டு மொழி பேசி எழுதும் ஆளுக்குத் தேவை இருக்கிறது.

---

டைப்படிக்கிறவன் · தலவாக்கலை · புதன் பகல் 12.05

மொழி தெரிந்தவர்களுக்கு வீட்டிலிருந்து செய்யும் வேலையும் உண்டு. நான் வீடியோக்களுக்குத் தமிழ் வசனம் போடுகிறேன், ஒலிப்பதிவைக் கேட்டு டைப் செய்கிறேன். அப்வேர்க், பைவர் போன்ற தளங்கள் வழியாக. உண்மையைச் சொன்னால் முதல் நாலு மாதம் டேட்டா போடுகிற காசுகூட வரவில்லை. மழை பிடித்தால் கரண்ட் போய்விடும். ஆகவே இதை நம்பிக் கையில் உள்ள வேலையை விடாதே, பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்.

நான் பிடிவாதமாகக் கடைப்பிடிப்பது, பேச்சும் காசும் அந்தத் தளத்துக்குள்ளேயே இருக்கவேண்டும் என்பது. "டெலிகிராமுக்கு வாங்க, கொமிஷன் மிச்சம்" என்பவரோடு நான் வேலை செய்வதில்லை. மாதிரிக்கு என்று அரைப் பக்கம் செய்து கொடுப்பேன். இருபது பக்கத்தை மாதிரி என்று கேட்டால் அது மாதிரி இல்லை, ஓசி வேலை.

வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று டெலிகிராமில் வருவது வேறு ரகம். முதல் நாள் உண்மையாகவே 300, 500 ரூபா கணக்கில் போடுவார்கள். அதில்தான் நம்பிக்கை வரும். அப்புறம் "பெரிய டாஸ்க்", அதற்கு 5,000 கட்டவேண்டும், அப்புறம் 20,000. திரையில் உன் காசு ஏறிக்கொண்டே போகும், எடுக்கப் போனால் வரி கட்டு என்பான். எங்கள் தோட்டத்தில் ஒரு அக்கா தீபாவளி முற்பணம் முழுவதையும் அதில் விட்டார். ஆள் சேர்த்தால் காசு என்பதும் இதற்குப் பக்கத்து வீடுதான். பிரமிட் திட்டம் நடத்துவது வங்கிச் சட்டப்படி குற்றம், பெயர் தெரிந்த திட்டங்களின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது.

மற்றது, "உங்கள் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடுங்கள், வருகிற காசில் நூற்றுக்கு ஐந்து உங்களுக்கு" என்று கேட்பது. அது இன்னொருவரிடம் திருடிய காசு. பொலிஸ் வந்தால் கணக்கில் பெயர் உள்ளவரைத்தான் தேடி வரும். கொடுக்கவே கூடாது.

---

தொங்கல்வீடு · புதன் இரவு 8.00

வாத்தியார் சேர் சொன்னதை மறுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். பிடித்த வேலை தேடு என்பது வயிறு நிறைந்தவர்களுக்குச் சொல்வது இல்லையா? மாதக் கடைசியில் கடையில் கடன் நிற்கிறது, தம்பி படிக்கிறான். அவள் "எந்த வேலையும் செய்வேன்" என்று எழுதியது பேராசையில் இல்லை, இல்லாமையில்.

---

ஊவா அக்கா · புதன் இரவு 10.45

தம்பி, நீங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வரி யார் கண்ணில் படுகிறது என்று பாருங்கள். என்னிடம் அப்படி ஒரு விண்ணப்பம் வந்தால், உண்மையைச் சொல்கிறேன், ஒதுக்கி வைத்துவிடுவேன். இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும், எங்கே போடுவது என்றே புரியாது. ஏமாற்றுகிறவனுக்கோ அது வெத்திலை பாக்கு வைத்து அழைத்தது மாதிரி. எந்த வேலை என்று கேட்காது, எந்த ஊர் என்று கேட்காது, அவசரத்தில் இருக்கிறது, இதோ நம்பர் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். "தமிழ், சிங்களம் இரண்டிலும் கடிதம் எழுதுவேன், படிவம் நிரப்புவேன், ஹட்டன் அல்லது நுவரெலியாப் பக்கம் வேலை தேடுகிறேன்" என்று எழுதியிருந்தால் தாய்லாந்துக்காரன் வந்திருப்பானா? வந்தாலும் "நான் கேட்டது இது இல்லையே" என்று அவளுக்கே தோன்றியிருக்கும்.

பிடித்த வேலை என்றால் நான் ஆடம்பரமாக எதையும் சொல்லவில்லை. தையல் மெஷினில் உட்காரவே முடியாத பிள்ளைகள் கடனுக்காக வந்து மூன்றாம் மாதம் ஓடிப்போவதை வருடா வருடம் பார்க்கிறேன். அந்த மூன்று மாதமும் அவர்களுக்கு நட்டம். அதே மெஷினில் ஆசையாக உட்கார்ந்து, என்.வி.கியூ. என்ற தொழில்தகைமைச் சான்றிதழ் எடுத்து, இன்றைக்கு லைனை நடத்தும் பிள்ளையும் இருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே தோட்டம், ஒரே வருடம்.

கொழுந்துக்கூடை, துணிக்கடை வேலையைக் குறைத்து நினைக்காதே. கணக்கைப் பார். கொழும்பில் இதைவிடக் கூடக் கிடைக்கும், ஆனால் போர்டிங் காசு, சாப்பாடு, வந்துபோகும் பஸ் எல்லாம் கழித்தால் கையில் மிஞ்சுவது எது என்று ஒரு தாளில் எழுது. வீட்டிலிருந்து போய்வரும் வேலைக்குச் சம்பளம் குறைந்தாலும் மிச்சம் கூடலாம். கடை என்றாலும் நியமனக் கடிதம் கேள். ஈ.பி.எப். கட்டுவார்களா என்று கேள். உன் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் தனியாக முதலாளியே கட்டவேண்டும், அதை உன் சம்பளத்தில் பிடிக்க முடியாது. லீவு எப்படி, இரவு எத்தனை மணிக்கு விடுவார்கள், அந்த நேரத்துக்கு மஸ்கெலியாவுக்குக் கடைசி பஸ் இருக்கிறதா, இதையும் கேள். கேட்டதற்காகக் கோபப்படுகிற இடத்தில் வேலைக்குப் போகாமல் இருப்பது நல்லது.

---

கடல்தாண்டியவள் · வியாழன் காலை 9.20

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இன்டர்வியூ என்று தனி வீட்டுக்கோ, ரூமுக்கோ கூப்பிட்டால் போகாதே. ஆபீஸாக இருந்தாலும் முதல் தடவை அம்மாவையோ தம்பியையோ கூட்டிக்கொண்டு போ, எங்கே போகிறாய் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போ. வீடியோ கோலில் "எழுந்து நில்லு, திரும்பு" என்று சொன்னால் அந்த நிமிடமே வெட்டிவிடு. எனக்குத் தெரிந்த பிள்ளைக்கு நடந்தது, அதனால் சொல்கிறேன்.

---

கொழுந்துக்கூடை · மூன்று கிழமைக்குப் பிறகு, சனி மாலை 6.40

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். பொலிஸில் முறைப்பாடு போட்டேன், துண்டு கையில் இருக்கிறது. சிம் கம்பனிக் கிளையில் கேட்டேன், என் பெயரில் வேறு நம்பர் இல்லை.

பேஸ்புக்கில் போட்டதை அழித்துவிட்டு ஊவா அக்கா சொன்ன மாதிரி ஒரு பக்கத்தில் விவரக்கோவை எழுதினேன். எழுதும்போதுதான், லயத்தில் எத்தனை பேருக்கு எத்தனை படிவம் நிரப்பியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். பதினேழு பிறப்புச் சான்றிதழ். அதையும் அப்படியே எழுதினேன். டவுனில் ஏழு இடத்தில் நேரில் கொடுத்தேன். ஐந்து இடத்தில் பதில் இல்லை. ஒரு இடத்தில் ஆள் வேண்டாம் என்றார்கள். ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் உட்காரவைத்து ஒரு சிங்களக் கடிதத்தைக் கொடுத்துத் தமிழில் எழுதச் சொன்னார்கள். இரண்டு சொல்லில் தடுமாறினேன். அகராதி பார்க்கலாமா என்று கேட்டேன், தாராளமாக என்றார்கள். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

முதலாம் தேதியிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள், மூன்று மாதம் பயிற்சி. சம்பளம் துணிக்கடையை விட ஆயிரம் ரூபா குறைவு. நியமனக் கடிதம் தருகிறார்கள், ஈ.பி.எப். உண்டு, ஐந்து மணிக்கு விடுகிறார்கள். வாத்தியார் சேர், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் பரீட்சைக்கு இப்போதே படிக்க ஆரம்பிக்கலாமா, எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்று சொல்லுங்கள்.

பக்கத்துக் காம்பராத் தம்பி ஒருவனுக்கும் நேற்று வட்ஸ்அப்பில் அதே தாய்லாந்து வேலை வந்திருக்கிறது. வேறு நம்பர், கடிதத்தில் அதே சீல். இன்றைக்கு ராத்திரி அவனையும் அவன் அம்மாவையும் டாங்கி மேட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். என்னுடைய கடிதத்தையும் அவனுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டவேண்டும்.